சகோதரர்கள் என்று எழுதியிருந்த படம்

அவர் பல் கட்டுபவர். பல்லைப் பிடுங்குவது கீழ்த்தளத்தில் இருந்த டாக்டரம்மாவின் வேலை; பிடுங்கிய இடத்துக்கு மாடியில் உட்கார்ந்து பல்செட் செய்து கொடுப்பது இவர் வேலை. இருபத்தேழு வருடமாக அதே மாடி, அதே மேசை. தெருவில் அவருக்குப் பெயரே பல்லுக்காரர் என்றாகிவிட்டது. வயது ஐம்பத்து நான்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொந்தப் பல் ஒன்றுகூட விழவில்லை. “கல்யாணமும் ஆகல, பல்லும் போகல, இந்த மனுஷனுக்கு என்ன குறை?” என்று டாக்டரம்மா வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்வார். அவரும் பல் தெரியச் சிரித்துவைப்பார்.

மாடி அறைக்கு மேற்குப் பார்த்த ஒரே ஜன்னல். மதியம் தாண்டினால் வெயில் மேசைமேல் ஊர்ந்து வந்து, வரிசையாக நிற்கும் பிளாஸ்டர் தாடைகளின்மேல் ஏறும். அந்தச் சூட்டில் மெழுகின் வாசனை கிளம்பும். மெழுகில் பற்களை ஒவ்வொன்றாக நட்டு, அச்சுக்குள் வைத்துப் பூட்டி, அக்ரிலிக் மாவை அடைத்து வெந்நீர்த் தொட்டியில் இறக்கினால் அது வேக ஒன்றரை மணி நேரம் ஆகும். அது யாருக்கும் சொந்தமில்லாத நேரம். முன்பெல்லாம் நாற்காலியிலேயே கண்ணயர்வார். போன வருடம், நோயாளிகளின் வாய்ப்படங்களைக் கீழிருந்து மேலே அனுப்ப வசதியாக இருக்கும் என்று டாக்டரம்மா ஒரு கம்ப்யூட்டரை அங்கே கொண்டுவந்து வைத்தார். அன்றோடு அந்தத் தூக்கம் போயிற்று.

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது ஒரு கிழவர். தனக்கு வாலிபத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்தக் காலத்துப் படம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. சரி, அந்தக் காலத்து மனிதர்களின் பல்வரிசையையாவது பார்த்து வைப்போம் என்று பல்லுக்காரர் இணையத்தில் தேடினார். அவர்கள் நகரத்திலேயே இருந்த ஒரு புகைப்படக் காப்பகம் கிடைத்தது. வீடு மாறும்போதும் வீடு விற்கும்போதும் மக்கள் தூக்கிப்போடும் ஆல்பங்களை வாங்கி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியிருந்தார்கள். ‘சிரிக்கும் ஆண்கள்’ என்று தட்டினார். நூற்றுக்கணக்கில் வந்து நின்றார்கள்.

கிழவருக்கான பல்லைத் தேடிக்கொண்டிருந்தவர் கொஞ்ச நேரத்தில் பல்லையே மறந்துபோனார். படத்துக்குப் படம் ஆண்கள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து, சுண்டுவிரலோடு சுண்டுவிரல் கோத்து, துணியில் வரைந்த கடலின் முன்னால், அட்டையில் வெட்டிய நிலாவின்மேல். பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: ‘தன்பால் ஈர்ப்பாளர் வரலாறு - தொடர்புடைய தொகுப்புகள்.’

பல்லுக்காரர் திரும்பிக் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. தொட்டியில் நீர் மட்டும் குமிழிட்டுக்கொண்டிருந்தது.

அந்த விஷயத்துக்கு அவருக்குத் தெரிந்த சொற்கள் எல்லாமே வசைகள். பள்ளிக்கூடத்தில் கேட்டது, பேருந்தில் கேட்டது, வேடிக்கை என்ற பெயரில் சொந்தக்காரர்களின் கூடத்தில் கேட்டது. அதன் பக்கத்தில் ‘வரலாறு’ என்ற சொல் இவ்வளவு உரிமையோடு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தார். வரலாறு என்பது ராஜாக்களுக்கும் அணைக்கட்டுகளுக்கும் உள்ளது என்றுதான் நினைத்திருந்தார்.

அந்த வரியைத் தொட்டார். பிறகு மழைக்காலம் முழுக்க, வேகும் நேரமெல்லாம் அங்கேயே கிடந்தார்.

எகிப்தில் நாலாயிரம் வருடத்துக்கும் முந்தைய ஒரு கல்லறை. அதன் சுவரில் இரண்டு ஆண்கள் மூக்கோடு மூக்கு உரச நிற்கிறார்கள். இருவரும் அரசனின் நகங்களைத் திருத்தும் வேலைக்குத் தலைவர்கள். அண்ணன் தம்பி என்று சிலரும், தம்பதி போல என்று சிலரும் இன்னும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்களாம். வழக்கு எப்படியோ போகட்டும், நகம் வெட்டுகிறவர்களுக்கும் கல்லறைச் சுவர் கிடைத்ததே என்று பல்லுக்காரருக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்ம ஜாதி, என்று நினைத்துக்கொண்டார். கைவேலைக்காரர்கள்.

இன்னொரு நாள், கப்பல்காரர்களும் நாடகக்காரர்களும் போலீஸுக்குப் புரியாமல் பேசிக்கொள்ளவே வைத்திருந்த ஒரு மொழியின் சொற்பட்டியல். வேறொரு நாள், பெண்களே எழுதித் தட்டச்சு செய்து பெயர் போடாத பழுப்பு உறையில் அனுப்பிக்கொண்ட பத்திரிகை. ஒரு கிழவியின் குரலும் கிடைத்தது. இளமையில் அவர் போன நடன விடுதியில் ஆண்கள் ஆண்களோடும் பெண்கள் பெண்களோடும் ஆடுவார்களாம். போலீஸ் வந்தால் விளக்கு ஒருமுறை அணைந்து எரியும். அதற்குள் ஜோடி மாறி, ஆணும் பெண்ணுமாக ஒழுங்காக ஆடிக்கொண்டிருப்பார்களாம். “கூடத்துல யாரு கால யாரு மிதிச்சோம்னே தெரியாது” என்று கிழவி சிரித்தார். அந்தச் சிரிப்பை மட்டும் பல்லுக்காரர் நான்கு தடவை கேட்டார். சிறைமுகாம்களில் சட்டையில் இளஞ்சிவப்பு முக்கோணம் தைத்து அடைக்கப்பட்டவர்களைப் பற்றிப் படித்த நாளில், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெறும் மெழுகைக் கையில் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வேலை செய்யும் மெழுகும் அதே நிறம்.

சாயங்காலம் வீட்டுக்கு நடக்கும்போது தெரு வேறு மாதிரி தெரிந்தது. மழை விட்ட தார்ச்சாலையில் விளக்குகள் கரைந்து கிடக்க, பேருந்துக்கு நிற்கிறவர்களுக்கு நடுவில் அரசனின் நகக்காரர்கள் நிற்பது போலவும், எதிர்மாடியில் விளக்கு அணைந்து எரிந்தால் யாரோ ஜோடி மாறிக்கொள்வது போலவும் தோன்றும். இத்தனை வருடம் தன்னந்தனியாக நடந்த தெருவில் திடீரென்று கூட்டம். அந்தக் கூட்டத்தில் யாரும் அவரை இடிக்கவில்லை, ஒதுங்கி வழிவிட்டார்கள்.

காப்பகத்தின் பக்கங்களை அப்படிப் பார்த்துக்கொண்டே போனபோதுதான் அந்தப் படம் கிடைத்தது. படம் அல்ல, ஒரே ஆல்பத்தில் இரண்டு படங்கள். முதலாவதில் இரண்டு வாலிபர்கள் ஸ்டூடியோ நாற்காலியின் கைப்பிடிகளில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து சிரிக்கிறார்கள். உயரமானவருக்கு முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி, ஒரு தீக்குச்சி போகும். இரண்டாவது படத்தில் அதே இருவர், முப்பது வருடம் கழித்து, ஒரு வீட்டு வாசற்படியில். முடி நரைத்திருந்தது, சிரிப்பு மாறவில்லை. இரண்டுக்கும் அடியில் எழுதியிருந்தது: ‘சகோதரர்கள். பெயர் தெரியவில்லை.’

பல்லுக்காரர் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கினார். உயரமானவர் வாயில் இருந்தது பல்செட். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை; அந்த வயதிலும் ஈறு இறங்காமல் ஒரே கோடாக நின்ற விதமே காட்டிக்கொடுத்தது. ஆனால் அந்தப் பல்செட்டிலும் நடுவில் அதே இடைவெளி இருந்தது.

தன் தொழிலில் யாரும் இடைவெளி கேட்டு அவர் பார்த்ததில்லை. விழுந்த பல்லோடு விதியும் போகட்டும் என்று, வரிசையாக முத்துப்போல வை என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒரே ஒரு முறை, ஒரு அம்மாள் தன் கணவருக்குச் செய்த பல்செட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். “ரொம்ப அழகா இருக்குங்க. ஆனா யாரோ புது ஆள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி இருக்கு. அந்தக் கோணப்பல்ல திரும்ப வச்சுக் குடுங்க” என்றார். இப்படிப்பட்ட ஆசை பல்லுக்குச் சொந்தக்காரருக்கு வராது, எதிரில் உட்கார்ந்து தினமும் அந்த முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறவருக்குத்தான் வரும் என்று அன்று புரிந்துகொண்டார்.

சகோதரர்களாம். அந்தச் சொல்லையே அவர் திரும்பத் திரும்பப் படித்தார்.

அதற்குக் காரணம் இருந்தது. தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் அவர் ஒரு மின்வேலைக்காரனோடு அறையெடுத்துத் தங்கியிருந்தார். வாய் ஓயாமல் பேசுவான் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். வீட்டு உரிமையாளரிடம் அண்ணன் தம்பி என்று சொல்லித்தான் அறை வாங்கினார்கள். மூன்று வருடம். ஒரே குடை, ஒரே சோப்பு, ஒரே கட்டில். அப்புறம் ரேடியோவுக்கு வெளிநாட்டு வேலை வந்தது, அங்கேயே கல்யாணமும் வந்தது. வண்டி நகரும்போது ஜன்னலில் நின்றவன், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றும் பேசவில்லை. நடைமேடையில் அழவும் வழியில்லை. அண்ணன் ஊருக்குப் போனால் தம்பி எவ்வளவு அழலாமோ, அவ்வளவுதான் அழ முடியும்.

ஒரு வாரம் யோசித்துவிட்டுக் காப்பகத்துக்கு எழுதினார். தட்டுத்தடுமாறி, ஒரு விரலால். நான் பல் கட்டுபவன், ஒரு பல்வரிசையைப் பார்த்து யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது, இருந்தாலும் சகோதரர்கள் என்று யார் சொன்னது என்று தயவுசெய்து பார்க்க முடியுமா என்று கேட்டார். இடைவெளி விஷயத்தையும் விவரமாக எழுதினார். அனுப்பிய கையோடு, எழுதியது அசட்டுத்தனம் என்று நினைத்து வேர்த்துப்போனார்.

மறுநாளே காப்பகப் பொறுப்பாளர் பதில் எழுதியிருந்தார். படத்தின் பின்னால் ஒன்றுமே எழுதியிருக்கவில்லையாம். பழைய சாமான் கடையில் இருந்து வந்த ஆல்பம். பதிவு செய்த ஊழியர் பார்த்ததும் தோன்றியதைப் போட்டுவிட்டார், எங்கள் தவறுதான் என்றிருந்தது. அன்று மதியமே அந்த வரி மாறியிருந்தது: ‘இரண்டு ஆண்கள். உறவு தெரியவில்லை. அறிந்தவர்கள் எழுதவும்.’ பல்லுக்காரர் அதைத் திறந்து திறந்து பார்த்தார். தெரியவில்லை என்ற சொல்லுக்கு இவ்வளவு காற்றோட்டம் உண்டா என்று ஆச்சரியமாக இருந்தது. அன்று தொட்டியில் இருந்த பல்செட்டை எடுக்க மறந்ததில், அது முக்கால் மணி நேரம் கூடுதலாக வெந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பொறுப்பாளர் மறுபடி எழுதினார். உயரமானவரின் தங்கை மகள் படத்தைப் பார்த்துவிட்டுத் தொடர்புகொண்டிருக்கிறார். சனிக்கிழமை காலை காப்பகத்துக்கு வருகிறார். பல்லைப் பற்றி எழுதியவரைப் பார்க்க வேண்டும் என்கிறார். வர முடியுமா?

சனிக்கிழமை காலை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது அக்காவிடம் மாட்டிக்கொண்டார். அக்கா முப்பது வருடம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கணவர் இறந்தபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டார். ஒற்றெழுத்து விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தம்பி சனிக்கிழமையில் இஸ்திரி போடுவது தப்புமா?

எங்கே என்று கேட்டார். காப்பகம் என்றார் தம்பி. காப்பகத்தில் என்ன என்று கேட்டார். ஒரு படம் என்றார். என்ன படம்? அவர் சட்டையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். அக்கா காய்ந்த படுக்கை விரிப்பை எடுத்து ஒரு முனையை அவர் கையில் கொடுத்தார். இருவரும் அறையின் இரண்டு ஓரத்துக்குப் போய் உதறி மடித்தார்கள். முனையோடு முனை சேர்க்க நெருங்கி வரும்போது அவர் கொஞ்சம் சொன்னார். விலகும்போது நிறுத்திக்கொண்டார். இரண்டாவது விரிப்பில் இன்னும் கொஞ்சம். கல்லறைச் சுவர், நடன விடுதி, முன்பல் இடைவெளி என்று எங்கெங்கோ சுற்றி, மூன்றாவது விரிப்பு மடியும்போது தன்னிடம் வந்து சேர்ந்தார்.

“நானும் அப்படித்தான்க்கா” என்றார்.

அக்கா விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார்.

“ரேடியோவ வண்டியேத்திட்டு வந்தியே, அப்ப மூணு நாள் நீ சாப்பிடல. பல்வலின்னு சொன்ன. பல்லுக்காரனுக்கே பல்வலியான்னு வீடே சிரிச்சுது. நான் சிரிக்கல, ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இல்லை.

“அதுக்கப்புறம்தான் உனக்குப் பொண்ணு தேடறத நிறுத்தினேன். கேட்டிருக்கணும். கேக்கல. தைரியம் வரல.”

“கேட்டிருந்தா பொய் சொல்லியிருப்பேன்.”

“தெரியும். அதான் கேக்கல.” அக்கா விரிப்பின் ஓரத்தைத் தடவி நேராக்கினார். “எனக்கு இதெல்லாம் முழுசா புரியலடா. புரிஞ்ச மாதிரி நடிக்கவும் வரல. ஆனா முப்பது வருஷம் நீ தனியா பல்லக் கடிச்சிட்டு இருந்திருக்க, நான் மத்தவங்க எழுதினதுல பிழை பாத்துட்டு இருந்திருக்கேன். அதான் கோவமா வருது. உன்மேல இல்ல.”

அவர் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது அக்கா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: “இருடா, கண்ணாடிய எடுத்துட்டு நானும் வரேன்.”

காப்பகம் ஒரு பழைய கிடங்கின் முதல் மாடி. உயரமான ஜன்னல்கள், நீண்ட மேசை, பருத்திக் கையுறைகள். வெளிச்சம் பால்போல இறங்கி, விரித்து வைத்த ஆல்பங்கள்மேல் தங்கியிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் எல்லோரும் கொஞ்சம் மெதுவாகவே நடந்தார்கள். உயரமானவரின் மருமகள், அந்தத் தங்கை மகள், அவர்களுக்கு முன்பே வந்திருந்தார். அறுபது வயது, கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். யாராவது அவசரப்பட்டுப் பேசினால் அவர் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கை மிதித்தது.

அவர் படத்தைத் தொடாமல் விரலால் காட்டினார். உயரமானவர் பெரிய மாமா. மற்றவர் சின்ன மாமா. ரத்த உறவு கிடையாது, ஆனால் பிறந்ததிலிருந்து அவர் அப்படித்தான் கூப்பிட்டாராம். இருவரும் சேர்ந்து படங்களுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருந்தார்கள். நாற்பத்தொரு வருடம் ஒரே வீடு. பெரிய மாமா இறந்த ஆறாவது மாதம் சின்ன மாமாவும் போய்விட்டார். வீட்டை விற்ற அவசரத்தில் ஆல்பம் சாமான்களோடு போய்விட்டது. பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாராம்.

பல்லுக்காரர் மெல்லத் தன் ஊகத்தைச் சொன்னார். சின்ன மாமாதானே அந்த இடைவெளியைக் கேட்டு வாங்கியிருப்பார்? அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர் அவர்தானே?

“இல்லைங்க. பெரிய மாமாவே கேட்டார்” என்றார் மருமகள். “அந்தப் பல் கட்டறதுக்கு முன்னாலயே சின்ன மாமாவுக்குக் கண்ணு போயிருச்சு. இந்தப் படத்துலயே பாருங்க, அவர் கேமராவப் பாக்கல.”

பல்லுக்காரர் குனிந்து பார்த்தார். உண்மைதான். சின்ன மாமாவின் கண்கள் ஒரு சாண் தள்ளி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தும், பல்லைத் தவிர வேறெதையும் அவர் பார்த்திருக்கவில்லை.

“பெரிய மாமா பேசினா ‘ச’ வர்ற இடத்துல எல்லாம் லேசா ஒரு விசில் வரும். அந்த இடைவெளியால. சாப்பிடலாமா, சாவி எங்க, எல்லாத்துக்கும் விசில்தான். மொதல்ல கட்டின பல்செட்ல அது போயிருச்சு. சின்ன மாமா அன்னிக்கு முழுக்க, யாரு பேசறது யாரு பேசறதுன்னு கேட்டுட்டே இருந்தாராம். மறுநாளே பெரிய மாமா போய், எனக்கு ஓட்டைய திருப்பிக் குடுங்கன்னு நின்னுட்டார்.”

பல்லுக்காரர் நாக்கு நுனியால் தன் முன்பற்களின் பின்புறத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ‘ச’ எங்கே பிறக்கிறது, காற்று எந்த வழியாகப் போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தொழில்முறையில் தெரியும். இருபத்தேழு வருடம் முகத்துக்குப் பல் கட்டியிருக்கிறார். ஒருவர் காதுக்காக இன்னொருவர் வாயில் பல் கட்டலாம் என்பது தெரியாமல் போயிற்றே. ஜன்னலுக்கு வெளியே மரங்கள் அசைந்தன. அந்த அறைக்குள் எங்கோ ஒரு மெல்லிய விசில் ஓடி மறைந்தது போல இருந்தது.

பொறுப்பாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேலைக்கு வந்தார். படத்துக்குக் கீழே இப்போது என்ன போடலாம்? நண்பர்களா? துணைவர்கள் என்றா? அவர்கள் காலத்தில் இல்லாத சொல்லை அவர்கள்மேல் ஒட்டலாமா என்று அவருக்குத் தயக்கம். ஒட்டாவிட்டால் மறுபடி யாராவது சகோதரர்கள் என்று எழுதிவிடுவார்களே என்று பல்லுக்காரருக்குப் பயம். இருவர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது.

அவர்களே என்ன சொல்லிக்கொள்வார்கள் என்று கேட்டது அக்காதான்.

மருமகள் சிரித்துவிட்டார். “வெளியாள் யாராவது இவர் யாருன்னு கேட்டா, பெரிய மாமா சின்ன மாமாவக் காட்டி, இவர்தாங்க என் வீட்டுக்காரர்ம்பார். சின்ன மாமாகிட்ட கேட்டா, அவர் பெரிய மாமாவக் காட்டி, இவர்தான் என் வீட்டுக்காரர்ம்பார். கேக்கறவங்க வாடகைக்கு விட்டவரு போலன்னு போயிருவாங்க. தபால்காரருக்குக் கடைசி வரைக்கும் வீடு யாருதுன்னே புரியல.”

அக்காவும் சிரித்தார். பல்லுக்காரர் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீதியைச் சிரித்தார்.

பொறுப்பாளர் தட்டச்சு செய்தார்: ‘கண்ணாடிச் சட்டம் போடும் கடை நடத்திய இருவர். நாற்பத்தொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்கள். ஒருவருக்கொருவர் “வீட்டுக்காரர்”.’

அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

“அந்தச் சொல்லுக்கு மேற்கோள் குறி வேண்டாங்க” என்றார். “போட்டா, நாம கேலி பண்ற மாதிரி ஆயிரும்.”

குறி போயிற்று. எல்லோரும் இன்னொரு முறை வாசித்தார்கள்; பிழை இல்லை. பொறுப்பாளர் அடுத்த பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னும் விவரம் எழுதப்படாத முந்நூறு சொச்சம் படங்கள் இருந்தன. சனிக்கிழமைகளில் ஆள் தேவைப்படும் என்றார். அக்கா ஏற்கெனவே கையுறையை மாட்டிக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதல் படத்தை வெளிச்சத்தில் எடுத்துவைத்து, இந்த முறை கண்களில் இருந்து பார்க்கத் தொடங்கினார்.